முன்னேற்பாடின்றிப் பேசியவருக்கு

நேற்றுக் காலை ஊர் நூல்நிலையத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அச்சு மை இன்னும் சரியாகக் காயவில்லை. அச்சுக்கூடம் தோல்கிடங்குகளுக்கு நடுவில் இருப்பதால், மை வாசனைக்கு அடியில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரின் துவர்ப்பு வாசனையும் இருந்தது. அந்த வாசனையோடுதான் நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் மாலையில் வீட்டுக்குள் வந்தீர்கள். அதனால் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே அது உங்களைப் பற்றியது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

உங்கள் படத்தை அங்கே மாட்டப் போகிறார்களாம். படத்துக்குக் கீழே எழுதும் வாசகத்தை நான் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். 'எழுதிப் படிக்காமல், கையில் தாள் இல்லாமல், நின்ற இடத்திலேயே ஆங்கிலத்தில் முழங்கியவர். இம்ப்ராம்ட்டு பேச்சில் இந்த ஜில்லாவிலேயே இணையற்றவர்.' சிவப்புப் பென்சிலை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன்.

நோட்டீஸைக் கொண்டுவந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பிள்ளை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே கேட்டார்.

"அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் ஒரு வரி போட்டா நல்லா இருக்கும்மா. எப்படிச் சொல்றது, எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சொன்னீங்கன்னா அதையும் சேத்துக்கலாம். அவரு கூடவே இருந்தவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அர்த்தம் சொன்னேன். முன்கூட்டி ஏற்பாடு செய்யாமல், அந்த நேரத்துக்கு அந்த நேரம் செய்வது. பேச்சுக்குச் சொல்லலாம், பாட்டுக்குச் சொல்லலாம், திடீரென்று கூடிய விருந்துக்கும் சொல்லலாம். உச்சரிப்பும் சொன்னேன். இம்-ப்ராம்ப்-ட்யூ. அழுத்தம் நடு அசையில். உதட்டை மூடித் திறக்கும் அந்த 'ப்' ஒலியை விழுங்கக் கூடாது. கடைசியில் 'டு' என்று குட்டக் கூடாது, உதட்டைக் குவிக்க வேண்டும். வாத்தியார் மூன்று முறை சொல்லிப் பார்த்து, மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். நீங்கள் இத்தனை வருஷத்தில் ஒரு முறையும் சரியாகச் சொல்லவில்லை.

எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. புத்தகம் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எனக்குப் புத்தகம் பார்க்கத் தேவையில்லை. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

வேலூர் கான்வெண்டில் எங்களுக்கு இலக்கணம் நடத்திய பிரெஞ்சுக் கன்னியர் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி இரண்டாகப் பிரித்தார். லத்தீனில் 'இன் ப்ராம்ப்டூ' என்று இரண்டு சொற்கள். கைக்கெட்டும் இடத்தில், எடுக்கத் தயாராக, என்று பொருள். உள்ளிருந்து ஒன்றை வெளியே எடுத்து வைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து அது பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஒட்ட வைத்து ஒரே சொல்லாக்கி, நின்ற இடத்தில் கட்டும் கவிதைக்கும் நாடகத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. தயார் என்று பொருள்படும் சொல் எப்படித் தயாரில்லாததற்குப் பெயராயிற்று என்று நான் எழுந்து கேட்டேன். "பார்க்கிறவர்களுக்குத்தான் அது திடீர். உள்ளே யாரோ எடுத்து வைத்திருப்பார்கள்" என்றார்.

நம் வீட்டில் எடுத்து வைத்தவள் நான்.

முதல் தடவை உங்களுக்கு நினைவிருக்கும். நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். நீங்கள் ஆம்பூரில் சாயபுவின் தோல்கிடங்கில் ஹெட் கிளார்க். மதராஸிலிருந்து தோல் வாங்க ஒரு துரை வந்திருந்தார். சாயபுவின் கூடத்தில் விருந்து. பெண்களுக்குப் பக்கவாட்டில் மூங்கில் தட்டி கட்டி, அதற்குப் பின்னால் இடம். சாயபுவின் தாயார், எல்லோரும் பெரிய பீபி என்பார்களே, என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். திடீரென்று சாயபு, "நம்ம முன்ஷி இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று சொல்லிவிட்டார். நீங்கள் எழுந்தீர்கள். 'ஜென்டில்மென்' என்றீர்கள். அதோடு நின்றுவிட்டது. கழுத்துப் பட்டைக்குள் வியர்வை இறங்குவதை நான் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீங்கள் நின்ற தூண் தட்டியை ஒட்டியே இருந்தது. நான் வாயை இடுக்கில் வைத்து நான்கு சொற்கள் சொன்னேன். அப்படியே திருப்பிச் சொன்னீர்கள். இன்னும் நான்கு சொன்னேன். பத்து நிமிஷம் கழித்துக் கைதட்டினார்கள்.

"அரே முன்ஷி! பேப்பர் இல்லே, கீப்பர் இல்லே, இன்னா பேச்சு!" என்று சாயபு உங்களைக் கட்டிக்கொண்டார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் பெரிய பீபி என் தொடையைக் கிள்ளினார். "உன் வாய்தான்மா அங்கே மீசை வச்சிக்கினு நிக்குது."

அதற்குப் பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு மனப்பாடம் ஆகாது. ஆகவே எந்தக் கூட்டமானாலும் சாயபுவின் கூடம், அந்தத் தூண், அந்தத் தட்டி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வீர்கள். மூன்று சொல், நான்கு சொல்லாக நான் கொடுப்பேன். நீங்கள் ஒரு முறை இருமினால், கேட்கவில்லை, திருப்பிச் சொல் என்று பொருள். மீசையைத் தடவினால் மெதுவாகப் போ என்று பொருள். ஊர் அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்துச் சொக்கியது. வக்கீல் ஐயர் ஒருநாள், "முன்ஷி காதுல சரஸ்வதியே வந்து சொல்றா" என்று கூட்டத்திலேயே சொன்னார். பெரிய பீபி உடனே என் காதில், "சரஸ்வதி இங்கே சோடா குடிச்சிக்கினு இருக்கான்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்றார். சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆமாம், அப்போது நான் சிரித்தேன். நான் நினைத்தது துரைகளைக் கைதட்ட வைக்கிறது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். உங்கள் குற்றம் என் சொற்களை எடுத்துக்கொண்டது மட்டுமல்ல. போகப் போக அவை உங்களுடையவை என்று நீங்களே நம்பிவிட்டீர்கள். "இன்னாடி, நாளைக்கு கலெக்டர் வர்றாரு. கொஞ்சம் ஜாஸ்தியாவே வை" என்பீர்கள், குழம்புக்குக் காரம் கேட்பது போல. ஒரு தடவை வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "நான் நல்லா வேகமா போய்க்கினு இருக்கும்போது நீ நடுவுல பூந்து கெடுக்கிறே." அன்று நான் சாப்பிடவில்லை. நீங்கள் கவனிக்கவும் இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஞானத்தின் விஷயத்தைத்தான் பொறுக்கவில்லை.

நம் மகள் பள்ளி இறுதிப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். வேலூரில் பெண்களுக்கு டாக்டர் படிப்பு தொடங்கியிருந்தார்கள். நானே அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கிருந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். இடம் தருகிறேன் என்றார். நீங்களும் சரி என்றீர்கள். மூன்று வெள்ளைப் புடவை எடுத்து ஓரம் தைத்து வைத்தாயிற்று.

அந்த ஈஸ்டருக்குக் கிடங்கு மேனேஜர் வீட்டில் விருந்து. மேனேஜர் நம் மாதா கோயில்காரர். அந்த வீட்டில் தட்டி கிடையாது. பெண்கள் எல்லோரும் பின்கட்டில் சமையல் பக்கம் இருந்தோம். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் யாரோ, "சார், இன்னிக்கு ஒரு இம்ப்ராம்ட்டு விடுங்க" என்று கத்தினார்கள். நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. நான் இல்லாமல் எப்படிப் பேசுவார்? சத்தமே இல்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு உங்கள் குரல் ஏதோ இரண்டு சொல் சொன்னது. கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

மேனேஜரின் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "சம்பந்தியாயிட்டோம்க்கா!" என்றாள்.

நடந்ததை வழியெல்லாம் நான்தான் உங்களிடமிருந்து பிடுங்கிப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். எல்லோரும் உங்கள் வாயையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. காதைச் சாய்த்தீர்கள், அங்கே சுவர்தான் இருந்தது. மேனேஜர் விளையாட்டாக, "இன்னா சார் யோசனை? எங்க மச்சானுக்குப் பொண்ணைக் குடுக்கிறேன்னு சொல்லப் போறீங்களா?" என்றார். அந்த மச்சான் காட்பாடி ரயில்வேயில் குட்ஸ் கிளார்க். முப்பத்தொன்பது வயது, பெண்டாட்டி செத்து, இரண்டு பிள்ளைகள். நீங்கள், "குடுத்தேன்!" என்றீர்கள். பேசுவதற்கு வார்த்தை இல்லாததால் மகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னா பண்றது? இம்ப்ராம்ட்டா வந்துடுச்சு."

நான் உச்சரிப்பைத் திருத்தினேன். அவ்வளவு கோபத்திலும் அதைத்தான் முதலில் செய்தேன். பிறகு, நாளைக்கே போய் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"நாலு பேரு முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கறதா? அப்புறம் என் பேச்சுக்கு இன்னா மரியாதை?"

உங்கள் பேச்சு. உங்கள் மரியாதை. வீட்டில் ஞானம் சுவரோரமாக நின்று, "அம்மா, அப்பா நெஜமாவா சொன்னாரு?" என்று என்னைக் கேட்டாள், உங்களை அல்ல. நீங்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் அவள் அந்தப் புடவைகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். அழவில்லை. ஓரங்களை ஒன்றோடொன்று சரியாகப் பொருத்தி மடித்தாள். அன்று முடிவு செய்தேன்.

பதினோரு நாள் கழித்து சாயபு கட்டிய மருந்தகத்தின் திறப்பு விழா. கூட்டம் வழக்கம்போல் சாயபுவின் கூடத்தில்தான். கலெக்டர் துரையும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். வேலூர் டாக்டரம்மாவும் வந்திருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் உரக்கச் சொல்ல ஏற்பாடு. கிளம்பும்போது, "ரெடியா?" என்று கேட்டீர்கள். "ரெடி" என்றேன். அதில் பொய் இல்லை. பதினோரு நாளாக அடுப்படியிலும் கோயிலிலும் அந்தப் பேச்சை உடைத்து உடைத்து ஒட்டியிருந்தேன். நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாய் ஒரு துண்டைச் சொல்லும்போதே காது அடுத்த துண்டுக்குக் காத்திருக்கும். என்ன சொன்னோம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதே கிடையாது.

வரவேற்பு, சாயபுவின் தர்ம குணம், பாலாற்றங்கரை மக்களின் நோய்நொடி எல்லாம் வழக்கம்போல் போயிற்று. கலெக்டர் மனைவி முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

'கதவு ஒன்று திறக்கும் இந்நாளில்' என்றேன். சொன்னீர்கள். 'வெறும் சொல்லால் வாழ்த்துவது' என்றேன். 'எனக்கு அழகல்ல.' சொன்னீர்கள். குமாஸ்தா தமிழில் முழங்கினார். 'ஆகவே என் மகள் ஞானத்தை' என்றேன். சொன்னீர்கள். மேனேஜர் தன் மச்சானை முழங்கையால் இடித்துச் சிரித்தார். கல்யாணத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்திருப்பார். 'வரும் மாதமே வேலூருக்கு' என்றேன்.

இருமினீர்கள். திருப்பிச் சொல் என்கிற இருமல்.

திருப்பிச் சொன்னேன், மெதுவாகவே. அதோடு அடுத்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். 'வரும் மாதமே வேலூருக்கு, டாக்டர் படிப்புக்கு அனுப்புகிறேன்.' உங்கள் கழுத்து விறைத்தது. மீசையைத் தடவினீர்கள். இன்னொரு முறை இருமினீர்கள். நான் அதே சொற்களை அதே வரிசையில் மறுபடி வைத்தேன். உங்களிடம் வேறு சொல் இருந்திருந்தால் அப்போது சொல்லியிருக்கலாம். நான் தடுத்திருக்க முடியாது. முன்னூறு பேர் காத்திருந்தார்கள். கலெக்டர் துரை தலையை முன்னால் நீட்டினார். பெரிய பீபி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் சொன்னீர்கள். 'இந்தச் சபை சாட்சியாக வாக்குக் கொடுக்கிறேன்' என்பது வரைக்கும் சொன்னீர்கள். குமாஸ்தா அதைத் தமிழில் ஒரு சொல் விடாமல் சொன்னார். கலெக்டர் மனைவி எழுந்துவந்து உங்கள் கையைக் குலுக்கினார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் மச்சானோடு சாப்பிடாமல் வெளியேறினார். "அப்பப்பா! இதையும் யோசிக்காமலே சொல்லிட்டாரு பாருங்க!" என்று சாயபு பூரித்துப்போனார்.

"அல்லா! உன் புருஷனை நீ தூண்லயே கட்டிப் போட்டுட்டியேம்மா" என்றார் பெரிய பீபி.

வீட்டில் நீங்கள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எத்தினி நாளா யோசிச்சே?"

"பதினோரு நாள். நீங்க யோசிக்காததையும் சேத்து நானே யோசிச்சேன்."

"எல்லார் எதிர்லயும் இப்படிப் பண்ணிட்டியே."

"போய் வாபஸ் வாங்கிக்குங்க."

நீங்கள் குனிந்து கயிற்றை அவிழ்த்தீர்கள். ஞானம் வேலூர் போனாள்.

ஊரார் அங்கே கதையை முடித்திருப்பார்கள். நான் முடிக்கவில்லை. மறுமாதம் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. "ரெடியா?" என்றீர்கள். "இல்லை" என்றேன். அடுத்ததற்கும் இல்லை என்றேன். தொண்டை கட்டிவிட்டது என்று ஊருக்குச் சொன்னீர்கள். திப்பிலியும் பனங்கற்கண்டும் வீடு தேடி வந்தன. அதையெல்லாம் டப்பாவில் போட்டு, உங்கள் பார்வையில் படும்படி வைத்தேன். வருஷங்கள் போயின. எந்தக் கூட்டத்திலும் நீங்கள் அந்தத் தூணுக்கு அருகே நாற்காலி போட்டு உட்காருவீர்கள். நான் தட்டிக்குப் பின்னால் அதே இடத்தில் உட்காருவேன். உங்கள் தலை தானாக இடப்பக்கம் சாயும். நான் விசிறிக்கொண்டிருப்பேன். பெரிய பீபி சாகும் முன் கடைசியாகக் கேட்டார். "பேஜாரா பூட்டாரும்மா அந்த மனுஷன். ஒரே ஒரு தபா சொல்லிக் குடேன்." மாட்டேன் என்றேன். ஒன்பது வருஷம் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் வருஷம் மாசி மாதம் உங்களுக்கு வலப்பக்கம் விழுந்துபோயிற்று. பேச்சு குழறியது. ஞானம் ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு வந்து, நான்கு நாள் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தாள். ஐந்தாம் நாள் பிற்பகல், "அம்மா, சாமியாரைக் கூப்பிட்டுக்கலாம்" என்றாள்.

பங்குச் சாமியார் கடைசிப் பூசுதலுக்கான தைலமும் புத்தகமும் கொண்டுவந்தார். கட்டிலின் இடப்பக்கம் நான். வலப்பக்கம் அவர். "மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லுங்க, முடிஞ்ச வரைக்கும்" என்றார். "சர்வேசுரா" என்றீர்கள். அதோடு நின்றுவிட்டது. செய்த பாவத்துக்கு வருந்தி, சின்ன வயதிலிருந்து சொன்ன மந்திரம், ஒரு சொல் வரவில்லை. உங்கள் தலை, தலையணையில் மெல்ல என் பக்கம் சாய்ந்தது.

சாமியார் என்னைப் பார்த்தார். "நீங்க எடுத்துக் குடுங்கம்மா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மூன்று சொல், நான்கு சொல். குழறிக் குழறித் திருப்பிச் சொன்னீர்கள். முடிவுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு, 'என் மனைவியின் சொல்லை என் சொல் என்று காட்டிக்கொண்டதற்காகவும்' என்றேன். சொன்னீர்கள். சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். 'யோசியாமல் என் மகளைக் கொடுத்ததற்காகவும்' என்றேன்.

இருமினீர்கள்.

திருப்பிச் சொன்னேன். ஞானம் என்னைப் பார்க்கவில்லை, உங்கள் நாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் சொன்னீர்கள். இந்தத் தடவை என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே சொன்னீர்கள். 'ஆமென்' என்பதை நான் கொடுப்பதற்குள் நீங்களே சொன்னீர்கள்.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, குழறாமல், "போதுமா?" என்று கேட்டீர்கள்.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது உங்கள் சொந்தச் சொல்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் காதைச் சாய்த்தபடியே இருந்தீர்கள். சாமியார் நெற்றியில் தைலம் பூசினார், கையில் பூசினார். அப்போதும் காது என் பக்கம்தான் இருந்தது. ஐந்து மணிக்கு ஞானம் உங்கள் கையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பதிலை மூன்று வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலூரில் ஞானம் வெள்ளைப் புடவையில் வார்டு வார்டாக நடப்பதைப் பார்க்கும் நாளில் அது ஒரு சொல்லாக இருக்கிறது. ஊர் உங்கள் பேச்சைப் புகழும் நாளில் அதற்கு நேர் எதிரான சொல்லாக மாறிவிடுகிறது. இரண்டில் எது என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தாலும் அவசரப்பட்டுச் சொல்லிவிட மாட்டேன்.

காத்திருங்கள்.